அக்கூஸ்டிக் கிடார் மேடையில் ஏன் தகரமாக ஒலிக்கிறது?

வீட்டில் அந்தக் கிடாரை மடியில் வைத்து மிகத் தடித்த ஆறாவது கம்பியைத் தட்டினால் விலா எலும்பில் அதிர்வு தெரியும். அதே கிடாரோடு ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனேன். மைக்செட்காரர் நீட்டிய வயரைச் செருகி முதல் கார்டை அடித்தேன். ஸ்பீக்கரிலிருந்து வந்தது பிஸ்கட் டின் மேல் ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். அடித்தொனி இல்லை, மரத்தின் வாசனையே இல்லை. கம்பியில் பிளெக்ட்ரம் படும் 'டிக்' மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. மைக்செட்காரர் அனுபவசாலி. பாஸ் குமிழை முழுதாகத் திருப்பிப் பார்த்தார். கிடாரின் பாஸ் வரவில்லை, கரண்ட் உறுமல்தான் ஏறியது. டிரெபிளைக் குறைத்தார். கிடாரே காணாமல் போனது. இரண்டு மணி நேரம் அப்படியே வாசித்தேன்.

கிடாரில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். மறுநாள் நண்பர் ஒருவரின் ஆம்பில் செருகினால் நன்றாகவே கேட்டது. அப்படியானால் மண்டபத்து ஸ்பீக்கர் மட்டம் என்று முடிவுகட்டினேன். ஆனால் அதே ஸ்பீக்கரில் அன்று கீபோர்டும் பாட்டும் கணீரென்று கேட்டனவே! கோளாறு இரண்டுக்கும் நடுவில், அந்த வயர் போய்ச் செருகிய துளையில் இருந்தது என்று புரிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

அக்கூஸ்டிக் கிடாருக்கு ஆம்ப் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் வேணும்?" நானும் அதைத்தான் கேட்டேன். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கிடாருக்குள் இருக்கும் பிக்கப், அதாவது அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கருவி, எது? அந்தப் பிக்கப்பின் சிக்னல் முதலில் எதற்குள் நுழைகிறது? இந்த இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால் சாதாரண ஸ்பீக்கரில்கூடக் கிடார் கிடாராகக் கேட்கும். இது தப்பினால் லட்ச ரூபாய் ஆம்பும் காப்பாற்றாது.

இன்று கடைகளில் கிடைக்கும் எலக்ட்ரோ அக்கூஸ்டிக் கிடார்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது பியசோ பிக்கப். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-ல் கண்டுபிடித்தார்கள். அதே தத்துவம்தான் இது. பிரிட்ஜில் கம்பிகள் படுத்திருக்கும் வெள்ளைக் கட்டைக்கு சேடில் என்று பெயர். அதற்கு அடியில் ஒரு மெல்லிய பியசோ பட்டையை வைத்துவிடுகிறார்கள். கம்பி அதிரும்போது சேடில் அதை அழுத்தி விடுகிறது, அழுத்தம் மின்சாரமாகிறது. மேடைக் கிடாரில் இந்த முறையைப் பரவலாக்கியதில் பெரிய பங்கு சார்ல்ஸ் கமான் என்பவருக்கு உண்டு. அவர் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த பொறியாளர். அதிர்வை அடக்குவது எப்படி என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர், அதிர்வைப் பெருக்குவது எப்படி என்ற பக்கம் திரும்பி 1966-ல் ஓவேஷன் கிடார்களைக் கொண்டுவந்தார். பின்பக்கம் மரத்துக்குப் பதிலாகக் கிண்ணம் மாதிரி வளைந்த கண்ணாடியிழை உடம்பு. சில ஆண்டுகளில் சேடிலுக்கு அடியில் பியசோவும் சேர்ந்தது. பாடகர் கிளென் கேம்ப்பெல் தொலைக்காட்சியில் அதை வாசிக்க, மைக்குக்கு முன்னால் அசையாமல் உட்காராமலே அக்கூஸ்டிக் கிடார் வாசிக்கலாம் என்பதை அமெரிக்கா முழுக்கப் பார்த்தது.

ஆனால் பியசோ கேட்பது எதை என்று யோசித்துப் பாருங்கள். நம் காதுக்கு வரும் கிடார் ஒலி என்பது மேற்பலகை அசைந்து, உள்ளே இருக்கும் காற்று வட்ட ஓட்டை வழியாக மூச்சுவிட்டு, அறையில் பட்டுத் திரும்பி வருவது. சேடிலுக்கு அடியில் இருக்கும் பட்டைக்கு இதில் பெரும்பகுதி தெரியாது. கம்பி சேடிலை இடிக்கும் வேகம் மட்டும்தான் அதற்குத் தெரியும். அடுத்த அறையில் நடக்கும் பேச்சைச் சுவரில் காதை ஒட்டிக் கேட்கிற மாதிரி. அதனால்தான் பலமாக அடிக்கும்போது வாத்து கத்துவது போன்ற ஒரு கூர்மை வருகிறது. கிடார்காரர்கள் அதை 'குவாக்' என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பாதி எரிச்சல் அடங்கும்.

வேறு வழிகளும் உண்டு. மேற்பலகையின் அடிப்பக்கத்தில், பிரிட்ஜுக்கு நேர் கீழே காசு மாதிரி சின்னச் சின்ன பியசோ வில்லைகளை ஒட்டுவது ஒன்று. இதில் மரம் பேசும், குவாக் குறையும். ஆனால் பலகை அசைந்தாலே சிக்னல் என்பதால் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் அதன் சத்தமே திரும்பத் திரும்ப உள்ளே ஏறிச் சீக்கிரம் கூவும். நம் ஊர் வீணைக்காரர்கள் 'காண்டாக்ட் மைக்' என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான். வீணையின் நாதம் அதில் தப்புகிறதா தங்குகிறதா என்று கச்சேரி ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கிடாருக்கும் அதே சண்டைதான்.

வட்ட ஓட்டையில் மாட்டும் காந்தப் பிக்கப் இன்னொன்று. எலக்ட்ரிக் கிடாரின் சாயல் கொஞ்சம் வரும், ஆனால் பலமான பாஸும் கூவாத குணமும் கிடைக்கும். ஒன்று கவனிக்க வேண்டும். காந்தத்துக்கு இரும்பு மட்டும்தான் தெரியும். வெண்கலச் சுற்று போட்ட தடித்த கம்பிகளில் உள்ளே இருக்கும் எஃகு இழையை மட்டும்தான் அது கேட்கிறது. சுற்றில்லாத இரண்டாவது கம்பி அதனால் மற்றவற்றை மீறிக் கத்தும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாரில் காந்தப் பிக்கப் வேலையே செய்யாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

கடைசியாக மைக். நல்ல கண்டென்சர் மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நேராக ஒரு முழம் தள்ளி வைத்தால் கிடைக்கும் ஒலிக்கு ஈடு கிடையாது. அமைதியான சபா, தனி வாசிப்பு, அசையாமல் உட்காரும் கலைஞர் என்றால் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம். பேண்டோடு என்றால் அது நடக்காது. டிரம்ஸும் அதே மைக்கில் ஏறிவிடும். அதனால்தான் சில நிறுவனங்கள் பியசோவையும் உள்ளே ஒரு சின்ன மைக்கையும் சேர்த்து வைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மேட்டன் கிடார்களில் வரும் ஏ.பி.5 ப்ரோ அப்படிப்பட்டது. ஆஸ்திரேலியக் கிடார் கலைஞர் டாமி இம்மானுவேல் கிடாரின் உடம்பை மேளமாகத் தட்டும்போது அது மேளமாகவே நமக்குக் கேட்பதற்கு உள்ளே இருக்கும் அந்த மைக்கும் ஒரு காரணம்.

சரி, அந்தக் கல்யாண மண்டபத்துக்கு வருவோம். என் கிடாரில் வாங்கிய பிறகு பொருத்திய பியசோ இருந்தது. பிக்கப்பின் மெலிந்த சிக்னலை முதலில் வாங்கி வலுவாக்கும் பிரிஆம்ப் கிடையாது, பேட்டரி கிடையாது. பட்டையிலிருந்து நேராக ஜாக். அதை மிக்ஸரின் லைன் துளையில் செருகியிருந்தோம். கீபோர்டுக்கு அது சரியான துளை. பியசோவுக்கு அது படுகுழி.

காரணம் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அந்தத் துளை காட்டும் மின் எதிர்ப்பு. இந்தச் சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம், இந்தக் கட்டுரையில் இதுதான் காசு மிச்சம் பிடித்துத் தரும் பகுதி. மின்சாரத்தின் கண்ணுக்கு பியசோ ஒரு கெபாசிட்டர். கெபாசிட்டருக்குப் பின்னால் ஒரு ரெசிஸ்டன்ஸை வைத்தால் குறிப்பிட்ட அலைவரிசைக்குக் கீழே இருப்பதெல்லாம் வடிந்துவிடும். பியசோவின் அளவு 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸரின் லைன் துளை சுமாராக 10 கிலோ ஓம். கணக்குப் போட்டால் வெட்டு விழும் இடம் கிட்டத்தட்ட 16,000 ஹெர்ட்ஸ். அதாவது கிடாரில் இருக்கும் எல்லாச் சுரமும் அந்தக் கோட்டுக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. ஆறாவது கம்பியைத் திறந்து, அதாவது விரலால் அழுத்தாமல், வாசித்தால் 82 ஹெர்ட்ஸ். அது கிட்டத்தட்ட 190-ல் ஒரு பங்காகச் சுருங்கிப் போகும். கீழே போகப் போக இழப்பு அதிகம், மேலே போகப் போகக் குறைவு. மிஞ்சுவது அந்த 'டிக்' மட்டும். என் பிஸ்கட் டின் இதுதான்.

துளையை மாற்றினால் கணக்கும் மாறுகிறது. ஆம்பில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று எழுதிய துளை வழக்கமாக 1 மெகா ஓம். அதில் வெட்டு 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பரவாயில்லை, ஆனாலும் கடைசி இரண்டு கம்பிகளின் அடி கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். 10 மெகா ஓம் உள்ள பிரிஆம்பில் செருகினால் வெட்டு 16 ஹெர்ட்ஸ். அங்கே கிடாருக்குச் சொந்தமானது எதுவுமே இல்லை. முழுக் கிடாரும் உள்ளே வந்துவிடும். பியசோவுக்கென்றே செய்த பிரிஆம்ப்களில் இவ்வளவு பெரிய எண் போட்டிருப்பது இதனால்தான்.

வயர் பற்றியும் ஒரு வார்த்தை. கிடார் வயருக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் இருக்கும். காந்தப் பிக்கப்பில் நீள வயர் போட்டால் டிரெபிள் மங்கும். பிரிஆம்ப் இல்லாத பியசோவில் டிரெபிள் அப்படியே இருக்கும், மொத்தச் சத்தம்தான் இறங்கும். 6 மீட்டர் வயரில் மேலே சொன்ன பியசோ தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். அதை ஈடுகட்ட மிக்ஸரில் கெயினை ஏற்றுவோம், கூடவே இரைச்சலும் ஏறும். பியசோவிலிருந்து பிரிஆம்ப் வரை வயர் குட்டையாக இருக்கட்டும். அதற்குப் பிறகு எவ்வளவு நீளம் போனாலும் கவலை இல்லை.

கடையில் வாங்கும் எலக்ட்ரோ அக்கூஸ்டிக் கிடாரில் தோள்பட்டைப் பக்கம் குமிழ்களும் ட்யூனரும் இருந்தால் பிரிஆம்ப் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். அப்படிப்பட்ட கிடாரை மிக்ஸரில் நேராகச் செருகினாலும் பிஸ்கட் டின் வராது. ஜாக்கைச் செருகினாலே பிரிஆம்புக்குக் கரண்ட் போகத் தொடங்கிவிடும், யாரும் வாசிக்காவிட்டாலும். ராத்திரி முழுக்க வயரைச் செருகியே வைத்துவிட்டு, மறுநாள் மேடையில் கிடார் கரகரப்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் ஏராளம். வாசித்து முடித்ததும் வயரை உருவிவிட வேண்டும். பையில் ஒரு புது பேட்டரி எப்போதும் இருக்க வேண்டும்.

அந்த வரவேற்புக்குப் பிறகு நான் வாங்கியது ஆம்ப் கிடையாது. உள்ளங்கை அளவு பிரிஆம்ப் ஒன்று. டி.ஐ. பாக்ஸும் அதற்குள்ளேயே சேர்ந்தது. டி.ஐ. பாக்ஸ் என்பது கிடாரின் மெலிந்த சிக்னலை மைக் வயரில் போகிற சிக்னலாக மாற்றித் தரும் பெட்டி. மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். வயரில் அதை மேடையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் மிக்ஸருக்கு அனுப்பினாலும் இரைச்சல் சேராது. மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரில் ஓடும் பெட்டி என்றால் பேட்டரியும் வேண்டாம். அடுத்த வருஷம் வேறொரு கல்யாணத்தில் அதே மைக்செட்காரரைச் சந்தித்தேன். பாஸ் குமிழ் நடுவில் இருக்கும்போதே மண்டபத்தின் பின்வரிசை வரை ஆறாவது கம்பி போய்ச் சேர்ந்தது. "புது கிடாரா அண்ணே?" என்று கேட்டார். அதே கிடார்தான்.

பெட்டி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உள்ள பாஸிவ் டி.ஐ.யின் துளை வழக்கமாக 140 கிலோ ஓம் பக்கம்தான் இருக்கும். பிரிஆம்ப் உள்ள கிடாருக்கும் கீபோர்டுக்கும் அது அருமையான பொருள். பிரிஆம்ப் இல்லாத பியசோவை அதில் செருகினால் பாதிக் கிடார் மறுபடியும் வடிந்துவிடும்.

அடுத்த தலைவலி, கூவுவது. ஸ்பீக்கர் சத்தம் கிடாரின் பலகையை அசைக்கிறது, பலகை பிக்கப்பை எழுப்புகிறது, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. வட்டம் சுற்றச் சுற்ற ஒரே சுரம் வீங்கிக்கொண்டே போகும். எந்தச் சுரம் வீங்கும் என்பது கிடாரின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. டிரெட்நாட் எனப்படும் பெரிய உடம்புக் கிடாரில் உள்ளே இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்கிறது. பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருமே, அதே விஷயம். மேற்பலகை 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒத்ததிர்கிறது. ஐந்தாவது கம்பியைத் திறந்து வாசித்தால் 110 ஹெர்ட்ஸ், ஆறாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் 98 ஹெர்ட்ஸ். ஏ கார்டிலும் ஜி கார்டிலும் மட்டும் கிடார் ஊளையிடுகிறது என்று புலம்புபவர்களின் புலம்பலுக்கு அர்த்தம் இருக்கிறது.

கிடார் செய்தவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. கிப்சன் 1954-ல் ஜே-160இ என்று காந்தப் பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிடாரைக் கொண்டுவந்தபோது மேற்பலகைக்குத் திட மரத்தை விட்டு பிளைவுட் போட்டது. பலகை சோம்பேறியாக இருந்தால் கூவாது என்ற கணக்கு. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் அந்தக் கிடார் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். 1962-ல் அதை வாங்கிய பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் அந்த மந்தத்தையே ஒரு குரலாக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

இன்றைக்கு நம் கையில் இருக்கும் வைத்தியங்களில் மலிவானது வட்ட ஓட்டையை அடைக்கும் ரப்பர் மூடி. சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும், நல்ல பலன் தரும். காற்றின் மூச்சு நின்றுவிடுவதால் 100 ஹெர்ட்ஸ் அடங்கும். கிடாரின் நேரடிச் சத்தம் குறையும், ஆனால் மேடையில் மக்கள் கேட்பது ஸ்பீக்கரைத்தானே. ஆம்பிலோ பிரிஆம்பிலோ 'நாட்ச்' என்று ஒரு குமிழ் இருந்தால், கூவும் சுரத்தைத் தேடிப் பிடித்து அந்த ஒரு இடத்தை மட்டும் கிள்ளி எடுத்துவிடலாம். மொத்த பாஸையும் வெட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். 'ஃபேஸ்' பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது பலகையும் அதற்கு ஒத்துப்போகிறதா எதிர்க்கிறதா என்பதை அது மாற்றுகிறது. எது நல்லது என்பதற்கு விதி கிடையாது, மேடைக்கு மேடை மாறும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது நிற்கும் இடத்தை மாற்றுவது. ஆம்புக்கு நேர் எதிரே கிடாரைக் காட்டி நிற்காமல் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பல நேரம் ஊளை நின்றுவிடும்.

இப்போது ஆம்ப். எலக்ட்ரிக் கிடார் ஆம்ப் வீட்டில் இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷன், அதாவது வேண்டுமென்றே சிதைத்த ஒலியின் கரகரப்பை மறைக்க அது தேவை. அக்கூஸ்டிக் கிடாரின் பளபளப்பு இருப்பதே அதற்கு மேல்தான். எனவே ஒலி போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அக்கூஸ்டிக் ஆம்ப் என்பது உண்மையில் ஒரு குட்டி மைக்செட். மேல் அலைவரிசைகளுக்கு ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் இருக்கும், வந்ததை நிறம் மாற்றாமல் தரும், மைக்குக்கும் ஒரு துளை இருக்கும்.

ஆனாலும் விதியை மீறுவதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். 1993 நவம்பரில் எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சியில் நிர்வாணா ராக் குழுவின் கர்ட் கோபேன் வாசித்தது 1959-ம் ஆண்டின் மார்ட்டின் டி-18இ. பெயருக்கு 'அன்பிளக்டு' என்றாலும் தன் எலக்ட்ரிக் ஆம்பும் எஃபெக்டுகளும் இல்லாமல் அவர் உட்காரச் சம்மதிக்கவில்லை. ஆம்பை மேடை மானிட்டர் (வாசிப்பவர் தன் ஒலியைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) மாதிரித் தெரியும் ஒரு பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். அந்தக் கிடார் 2020-ல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தக் கொஞ்சம் அழுக்கான, கொஞ்சம் எலக்ட்ரிக்கான குரல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. உங்களுக்கு வேண்டியதும் அதுவென்றால் தாராளமாகச் செய்யலாம், தெரிந்து செய்தால் போதும்.

வாட்டுக்கு வருவோம். 60 வாட்டிலிருந்து 120 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 60-க்கும் 80-க்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் தரும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொண்டால் 60 வாட்டில் 113 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 16 மீட்டரில் மிஞ்சுவது 89. அதுவும் பிளெக்ட்ரம் படும் உச்சத்துக்குத்தான். கிடாரின் சராசரிச் சத்தம் உச்சத்தைவிட 10, 15 டெசிபல் கீழே இருக்கும். நாற்பது பேர் உட்காரும் கஃபேக்கு இது தாராளம். ஐந்நூறு பேர் பேசிக்கொண்டே சாப்பிடும் மண்டபத்தில் இது கொசு ரீங்காரம்.

கஃபே அளவுக்கு என்றால் இரண்டு பெயர்களைச் சொல்லலாம். ஜெர்மனியின் ஏ.இ.ஆர். காம்பேக்ட் 60, டாமி இம்மானுவேல் வருஷக்கணக்கில் பயன்படுத்தியது. 8 அங்குல ஸ்பீக்கர், 60 வாட், ஆறரைக் கிலோ எடை. நான் கேட்ட சிறிய ஆம்ப்களில் பலமாக அடித்தாலும் கலங்காதது அதுதான். விலையும் அதற்கேற்ற மாதிரி எட்டாத உயரம். ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினியும் 60 வாட், ஆறரை அங்குல ஸ்பீக்கரும் ட்வீட்டரும், மைக்குக்குத் தனி சேனல். விலை அதைவிட நன்றாகக் குறைவு. தனியாகப் பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டிலும் டி.ஐ. வெளித்துளை உண்டு. என் கணக்கில் அது இல்லாத ஆம்பை வாங்கவே கூடாது. சின்ன இடத்தில் ஆம்பே ஸ்பீக்கர். பெரிய இடத்தில் அதே ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும் மானிட்டர், சிக்னல் டி.ஐ. வழியாக மைக்செட்டுக்குப் போய்விடும்.

2003-ல் போஸ் நிறுவனம் எல்1 என்று ஒரு நெடிய தூண் ஸ்பீக்கரைக் கொண்டுவந்த பிறகு இன்னொரு வழியும் திறந்தது. தூணில் வரிசையாகச் சின்ன ஸ்பீக்கர்கள் இருப்பதால் பக்கத்தில் காது கிழியாது, தூரத்திலும் சத்தம் மெதுவாகத்தான் குறையும். இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. பாட்டு, கிடார், தாளம் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து நூறு பேருக்கு வாசிக்கிறார்கள் என்றால் தனித்தனி ஆம்பைவிட இது நல்ல முதலீடு. முன்னால் ஒரு நல்ல பிரிஆம்ப் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எப்போதும் மைக்செட் இருக்கும் இடங்களில் மட்டும் வாசிப்பவர், சர்ச் கொயரிலோ மெல்லிசைக் குழுவிலோ இருப்பவர், ஆம்பே வாங்க வேண்டாம். அந்தக் காசில் பாதியைப் போட்டு நல்ல பிரிஆம்ப் டி.ஐ. வாங்கினால் மண்டபத்தில் கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மின்சாரம் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் உறுமல் 50-லும் 100-லும் கேட்கும். ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் இன்னொரு பிளக்கிலும் இருக்க, இரண்டின் எர்த்தும் ஆடியோ வயர் வழியாக வட்டமாகச் சேர்ந்தால் உறுமல் வரும். அதை நிறுத்த ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிற பழக்கம் பல மேடைகளில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். ஆம்புக்குள் ஒரு கோளாறு வந்தால் 230 வோல்ட் கிடார் கம்பி வழியாகக் கைக்கு வரலாம். உதட்டருகே மைக் வேறு இருக்கும். டி.ஐ. பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. அது ஆடியோ வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது. உறுமலும் போகும், உயிருக்கும் ஆபத்தில்லை. முடிந்தால் மேடையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுங்கள்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கிடாரையும் சொந்த வயரையும் எடுத்துப் போங்கள். கடையில் மாட்டியிருக்கும் விலையுயர்ந்த கிடாரில் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். எல்லாக் குமிழையும் நடுவில் வையுங்கள். ஆம்பைத் தரையில் வைத்து ஒரு முறை, நாற்காலி மேல் வைத்து ஒரு முறை கேளுங்கள். தரையில் இருக்கும்போது பாஸ் தானாகவே ஏறும். உங்கள் மேடையில் அது எங்கே இருக்கப்போகிறதோ அந்த நிலையில் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் விரலால் மெதுவாக, அப்புறம் பிளெக்ட்ரத்தால் ஓங்கி. ஓங்கி அடிக்கும்போது ஒலி விரிகிறதா, நசுங்கித் தட்டையாகிறதா? பிறகு கச்சேரி அளவுக்குச் சத்தத்தை வைத்துவிட்டு, கம்பிகளைத் தொடாமல் கிடாரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி மூன்றடி தள்ளி நில்லுங்கள். எந்தச் சுரத்தில் ஊளை தொடங்குகிறது, நாட்ச் குமிழால் அதைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கடையில் ஒரு மிக்ஸர் இருந்தால் டி.ஐ. வெளித்துளையையும் அதில் போட்டுக் கேட்டுவிடுங்கள். சில ஆம்ப்களில் குமிழ்களைத் திருப்பினால் டி.ஐ. ஒலியும் கூடவே மாறும், சிலவற்றில் மாறாது. மேடையில் உங்கள் காதுக்காக நீங்கள் பாஸைக் குறைக்கும்போது மண்டபத்துக்கும் பாஸ் குறைந்துவிடுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.